மே தினத்து நாற்காலி

பாட்டு ஆரம்பித்துவிட்டது. நடக்க வேண்டியதுதான். வலது காலை முதலில் வை, இடது கால் தானாக வரும், வராவிட்டால் இழுத்துக்கொள். எட்டு நாற்காலி, ஒன்பது பேர். முதுகோடு முதுகு சேர்த்து நாலு நாலாக இரண்டு வரிசை போட்டு, அதைச் சுற்றி ஒன்பது பேரும் செக்குமாடு மாதிரி நடக்க, கிளப் ஹவுஸ் சுவரோரம் குடியிருப்புக்காரர்கள் நின்று கை தட்டுகிறார்கள், சிரிக்கிறார்கள், போனைத் தூக்கிப் படம் பிடிக்கிறார்கள். உழைப்பாளர் தினமாம். பதினொன்றிலிருந்து பன்னிரண்டு வரை கூட்டுகிறவர்கள், தோட்டக்காரர், பிளம்பர், வாட்ச்மேன் எல்லோருக்கும் கொண்டாட்டம். பன்னிரண்டு அடித்தால் அவரவர் வேலைக்குத் திரும்பலாம். ஊருக்கெல்லாம் முழு நாள் லீவு. யார் பேரைச் சொல்லி லீவு விட்டார்களோ அவனுக்கு ஒரு மணி நேரம். இதை நாச்சிமுத்து யாரிடமும் சொல்லவில்லை. அறுபத்தேழு வயசில் கேட்டில் நிற்கிற வேலைதான் கிடைத்தது, பேசுகிற வேலை இல்லை. ஆட்டம் தொடங்கும் முன் செக்ரட்டரி ஸ்ரீதரன் பக்கத்தில் வந்து, "நாச்சிமுத்து, உங்களுக்கு வேண்டாமே. வயசானவர். ஓரமா நின்னு பாருங்களேன்," என்றார். நல்ல மனுஷர்தான், குரலில் அக்கறைதான். ஆனால் நில்லு என்கிறார். தினம் காலை எட்டிலிருந்து ராத்திரி எட்டு வரை அதைத்தானே செய்கிறேன், அதற்கு எதற்கு மே மாதம் ஒன்றாம் தேதி. "ஆடறேனுங்க" என்று மட்டும் சொல்லி வரிசையில் போய் நின்றார். எல்லோரும் கை தட்டினார்கள். தட்டட்டும். அவர் கண் வரிசையின் கடைசி நாற்காலியில் இருந்தது. வலதுகைப் பக்கம் செப்புக் கம்பி சுற்றிய நாற்காலி. மற்ற ஏழும் அதே மெரூன் கலர்தான், அதே பிளாஸ்டிக்தான், ஆனால் கை உடைந்து கம்பி சுற்றியது அது ஒன்று. சுற்றியவர் அவரே.

எட்டு மாசத்துக்கு முன்னால் வரை அது கேட் கூண்டில் இருந்தது. உடைந்த சாமான் என்று யாரோ கொண்டுவந்து போட்டது, மோட்டார் மெக்கானிக் விட்டுப்போன கம்பியைப் பத்து சுற்றுச் சுற்றி இறுக்கினார், ஆள் உட்கார்ந்தால் முனகும், அவ்வளவுதான். நடந்துகொண்டே இரு. செக்ரட்டரி முதுகைக் காட்டி நிற்கிறார், கையில் போன், போனிலிருந்து பாட்டு அந்தக் கறுப்பு டப்பாவுக்குப் போய் அலறுகிறது. அவர் எப்போது நிறுத்துவார் என்று யாருக்கும் தெரியாது. நாச்சிமுத்துவுக்குத் தெரியும். பார்ப்பதுதானே வேலை. மூன்று வருஷமாக இந்த மனுஷர் காரில் வந்து போவதைப் பார்க்கிறார்; ஏதாவது செய்வதற்கு முன்னால், ஹாரன் அடிப்பதானாலும் சரி, கதவைச் சாத்துவதானாலும் சரி, ஒரு சின்னத் தயக்கம், நின்றுகொண்டிருந்தால் இடது குதிகால் ஒரு விரற்கடை தூக்கும். இதோ தூக்குகிறது. நாச்சிமுத்து நடப்பதை நிறுத்திப் பக்கத்தில் இருந்ததில் உட்கார்ந்தார். பாட்டு நின்றது. மற்றவர்கள் முட்டி மோதிக்கொண்டு, கூச்சல், பிளம்பர் டேவிட் நாற்காலி கிடைக்காமல் நட்டநடுவில் இளித்துக்கொண்டு நின்றான். "பெரியவர் உக்காந்துட்டார் பாருங்க," என்று யாரோ ஒரு அம்மா ஆச்சரியப்பட்டாள். உட்காருவது. பகல் பதினொன்றே கால் மணிக்கு, கெண்டைக்காலில் இருந்த பாரம் பாதத்துக்கு இறங்கி, பாதத்திலிருந்து தரைக்குப் போய், யாரோ காலைக் கழற்றித் துடைத்துத் திருப்பி மாட்டிய மாதிரி. எட்டு மாசமாக இந்த நேரத்துக்கு உட்கார்ந்தது கிடையாது. நாலு மூச்சு விட்டிருப்பார். "எல்லாரும் எந்திரிங்க, ஒரு சேரை எடுக்கணும்." எடுத்தார்கள். இடது ஓரத்திலிருந்து. நல்லது. இடது ஓரத்திலிருந்தே எடுத்துக்கொண்டு வந்தால் கடைசியில் மிஞ்சப்போவது கம்பி நாற்காலி.

அதுவரைக்கும் இருந்துவிட்டால் மைக்கைக் கையில் தருவார்கள். போன வருஷம் செயித்த தோட்டக்காரனுக்குத் தந்தார்கள், ரெண்டு வார்த்தை பேசுங்க என்று. அவன் தேங்க்ஸ் என்று சொல்லிவிட்டு ஹாட் பாக்ஸை வாங்கிக்கொண்டு போனான். நாச்சிமுத்துவுக்குச் சொல்ல ரெண்டு வார்த்தை இருக்கிறது. சொட்டு மருந்துங்க. அதுதான். எண்ணினால் சரியாக இரண்டு. பாட்டு மறுபடியும், நட. எட்டு மாசமாக இந்த ரெண்டு வார்த்தை தொண்டையில் மீன்முள் மாதிரி நிற்கிறது. சோற்றுருண்டையை விழுங்கினாலும் போகவில்லை, இருமினாலும் வரவில்லை. கண்ணில் நீரழுத்தம், பெரியாஸ்பத்திரியில் சொல்லிவிட்டார்கள், காலை மத்தியானம் ராத்திரி மூன்று வேளை சொட்டு விட வேண்டும், ஆயுசுக்கும். விட்டதும் கண்ணை மூடி மூக்கோரத்தை விரலால் அழுத்தி அஞ்சு நிமிஷம் இருக்கோணும், இல்லாட்டி மருந்து தொண்டைக்குப் போயிரும், பார்வை போனா வராதுங்க பெரியவரே என்று அந்த டாக்டரம்மா ஒவ்வொரு வார்த்தையாகச் சொன்னாள். அப்படித்தான் இருந்தார். கூண்டில், நாற்காலியில், பன்னிரண்டரை மணிக்கு, தலையைச் சாய்த்து, கண்ணை மூடி. யாரோ காரில் இருந்தபடி ஒரு போட்டோ எடுத்தார்கள். ஹாரன்கூட அடிக்கவில்லை. அடித்திருந்தால் எழுந்திருப்பார். சாயங்காலத்துக்குள் வாட்ஸ்அப் குரூப்பில் நூற்றெழுபது வீட்டுக்கும் போய்விட்டது, கீழே என்னவோ எழுதி, தூங்குகிற பொம்மை போட்டு. கூட்டுகிற வேலாத்தாள்தான் ஒரு வீட்டம்மாவின் போனில் பார்த்துவிட்டு வந்து சொன்னாள். மறுநாள் காலையில் நாற்காலி இல்லை. கூண்டில் சாமான் வைக்கிற பலகையும் நோட்டும் மட்டும். "கமிட்டி முடிவு, நாச்சிமுத்து. தப்பா நெனைக்காதீங்க. செக்யூரிட்டி நின்னாத்தான் செக்யூரிட்டி," என்றார் ஸ்ரீதரன். அப்போது சொல்லியிருக்க வேண்டும். வாய் திறந்தது. "சரிங்க" என்று வந்தது. ஏன் சரிங்க. எதற்குச் சரிங்க. எட்டு மாசமாகத் தன்னையே கேட்டுப் பார்க்கிறார். தூங்கலை என்று சொன்னால் தூங்கினவன் சொல்வது மாதிரி இருக்கும் என்று தோன்றியது, அதுவா. கண்ணு போகுதுன்னு சொன்னால் கண்ணு தெரியாத வாட்ச்மேன் எதற்கு என்பார்களே என்றா. ஆமாம், அதுதான். பயம்தான். வேறென்ன. அன்றிலிருந்து மத்தியானச் சொட்டை மோட்டார் ரூமுக்குப் பின்னால், சுவரில் ஒரு கையை ஊன்றிக்கொண்டு, திருடன் மாதிரி விடுகிறார். குதிகால். உட்கார்.

உட்கார்ந்தார். ஆள் போயிற்று, நாற்காலி போயிற்று, இடது ஓரத்திலிருந்து. "ஏனுங்ணா," என்று பின்னாலிருந்து வேலாத்தாள். பி பிளாக்கைக் கூட்டுகிறவள், ஐம்பது வயசு, வாய்க்குத் தாழ்ப்பாள் கிடையாது. "பொண்ணு பாக்கப் போறவனாட்டம் இத்தனை சுறுசுறுப்பு எங்கிருந்துங் வந்துச்சு?" "பேசாம நட." "பேசாம நடந்தா அது சாவு ஊர்வலமுங்ணா." முன்னால் போன ரெண்டு பேர் சிரித்தார்கள். நாச்சிமுத்துவுக்கும் உதட்டோரம் அசைந்தது, அடக்கிக்கொண்டார். சிரித்தால் குதிகாலைத் தவறவிடுவோம். நடப்பது ஒன்றும் புதுசில்லை. இருபத்தாறு வருஷம் மில்லில் சைடர் வேலை, நூல் நூற்கிற ரிங் பிரேம் மெஷின்களுக்கு நடுவில் நடந்துகொண்டே இருக்க வேண்டும், எந்த நூல் அறுந்தது என்று பார்த்து எட்டிப் பிடித்து ஒட்டிவிட்டு மறுபடியும் நடை. அந்தக் கெண்டைக்கால் நரம்புதான் இப்போது கயிறு மாதிரி சுருண்டு, நீலம் பாரித்து, சாயங்காலம் ஆனால் சாக்ஸின் பட்டி சதைக்குள் புதைந்துபோகிறது. கணுக்காலுக்கு மேலே ஒரு இடம் கறுத்திருக்கிறது. நின்னுட்டே இருந்தா அது புண்ணாகுமுங்க, புண்ணானா ஆறாதுங்க என்று மருந்துக் கடைக்காரன் சொன்னான். எந்தக் கடையில் போய் எந்தக் காலை வாங்குவது. மில்லிலும் மே தினம் உண்டு. கேட்டில் கொடி, ஆளுக்கு ஒரு மிட்டாய், அப்புறம் மத்தியானம் வீட்டில் கறி. அது கிடக்கட்டும், அந்தக் கறியையும் மிட்டாயையும் நினைத்து என்ன ஆகப்போகிறது. நினைக்க வேண்டியது ரங்கானை. கூட வேலை செய்த ரங்கான், பல்லிடுக்கில் எப்போதும் ஒரு தீக்குச்சி. டிபார்ட்மெண்டில் குடிதண்ணீர் வைக்கச் சொல்லி அஞ்சு பேர் மேனேஜர் ரூமுக்குப் போனார்கள். மேனேஜர் உட்கார்ந்திருந்தார், இவர்களுக்கு நாற்காலி இல்லை. ரங்கான் சட்டென்று தரையில் சம்மணம் போட்டு உட்கார்ந்துவிட்டான். மேஜைக்கு அந்தப் பக்கம் இருந்தவருக்கு ஆள் தெரியவில்லை. எட்டிப் பார்த்தார், கீழே இருந்து ரங்கான் சொல்லுங்க என்றான். அஞ்சு நாற்காலி வந்தது. வெளியே வந்து பீடியைப் பற்றவைத்துக்கொண்டு சொன்னான்: நின்னுட்டுக் கேட்டா பிச்சைடா, ஒக்காந்துட்டுக் கேட்டாத்தான் பேச்சு. ரெண்டு வாரத்தில் தண்ணீர் வந்தது. ஆறு மாசத்தில் வேறு ஏதோ காரணம் சொல்லி ரங்கானை நிறுத்தினார்கள். அதுவும் உண்டு. ஒரு பாதியை மட்டும் நினைத்துக்கொள்ளக் கூடாது.

அஞ்சு பேர், நாலு நாற்காலி. தொடைக்குள் ஒரு நடுக்கம் ஆரம்பித்துவிட்டது. ஏஜென்சி சூப்பர்வைசர் மகேந்திரன் எப்போது வந்தான் என்று தெரியவில்லை, கதவருகில் கையைக் கட்டிக்கொண்டு நிற்கிறான், இவரைப் பார்த்துச் சிரிக்கிறான், சிரிப்பு பல்லோடு நிற்கிறது. வாட்ச்மேன்களை இங்கேயும் அங்கேயும் மாற்றுகிறவன் அவன்தான். இவருக்கு முன்னால் இங்கே இருந்த பழனியப்பன் கூண்டுக்கு ஒரு ஃபேன் கேட்டார். நல்ல விதமாகத்தான் கேட்டார். அடுத்த வாரம் சூலூர் தாண்டி ஒரு குடோனுக்குப் போட்டுவிட்டார்கள். பஸ் இறங்கி மூன்று கிலோமீட்டர் நடை, சுற்றிலும் சோளக்காடு, அங்கே ஃபேனும் இல்லை, கேட்க ஆளும் இல்லை. அங்கே போனால் மூன்று வேளைச் சொட்டு ஆகாது, பெரியாஸ்பத்திரிக்கு மாசாமாசம் வர முடியாது, கண் போகும். இங்கேயே நின்றுகொண்டிருந்தால் கால் போகும். நல்ல வியாபாரம். காலையில் மகள் கோமதி திருப்பூரிலிருந்து கூப்பிட்டாள். "இன்னிக்கு லீவுதானுங்கப்பா? வந்துட்டுப் போங்க." "லீவு எனக்கில்லை." "பின்னே யாருக்கு?" "ஆபீஸ்காரங்களுக்கு." அப்புறம், "அப்பா, நீங்க எதையாச்சும் மனசுல போட்டு வெச்சிருந்தா சொல்லிப்போடுங்க. அம்மா இருந்தப்ப அவங்க உங்களுக்காகப் பேசுனாங்க. இப்ப யாரு பேசறது?" என்றாள். போனை வைத்துவிட்டார். வைத்தபிறகு அவள் சொன்னது சரி என்று பட்டது. கடையில் சில்லறை குறைந்தாலும், ரேஷனில் கியூவில் யாராவது புகுந்தாலும் பேசியவள் பெண்டாட்டிதான். இவர் பக்கத்தில் பையைப் பிடித்துக்கொண்டு நின்றவர். நின்றவர். எப்போதும் நின்றவர். குதிகால் தூக்கியது. உட்கார்ந்தார். தோட்டக்காரன் போனான். அடுத்த சுற்றில் லிஃப்ட் பார்க்கிறவன் வழுக்கி விழுந்து, எல்லோரும் சிரிக்க, அவனும் போனான். அதற்கடுத்ததில் இன்னொரு கூட்டுகிற அம்மாள். ஒரு நாற்காலி, இரண்டு பேர். கம்பி சுற்றிய நாற்காலி தனியாக நடுவில் நிற்கிறது. சுற்றிலும் வெறும் தரை.

இவரும் வேலாத்தாளும். "ஐயையோ, என்னையுமுங்களா கீழே தள்ளப் போறீங்க," என்று அவள் இடுப்பில் முந்தானையைச் செருகினாள். சுவரோரத்தில் இரண்டு கட்சியாகிவிட்டார்கள், சின்னக் குழந்தைகள் வேலாத்தா வேலாத்தா என்று கத்துகின்றன, பெரியவர்கள் தாத்தா என்கிறார்கள். அப்போது ஸ்ரீதரனுக்கு ஒரு போன் வந்தது. பாட்டு வருகிற போன்தான். அவர் பேசிக்கொண்டே வெளியே போக, அவர் சம்சாரம் லலிதா தன் போனை டப்பாவோடு இணைத்துக்கொண்டு எதிரில் உட்கார்ந்துவிட்டாள். இருகையும் மடியில், போன் மடியில், முகத்தில் ஒன்றுமில்லை. குதிகால் புடவைக்குள். இந்த அம்மாளை அவருக்குத் தெரியாது. காரின் பின் சீட்டில் கறுப்புக் கண்ணாடிக்கு உள்ளே போய் வருகிறவள். பாட்டு. நட. பார்க்க ஒன்றுமில்லை என்றால் கால்தான் கதி. நாற்காலிக்கு முன்பக்கம் வரும்போது மெதுவாக, பின்பக்கம் போகும்போது வேகமாக. வேலாத்தாளும் அதையே செய்கிறாள், கள்ளி. கூட்டுமாறு பிடித்துக் குனிந்து குனிந்து அவள் இடுப்பும் போய்க்கொண்டுதான் இருக்கிறது, அவளும் எங்கே உட்காருகிறாள், படிக்கட்டில் அஞ்சு நிமிஷம், அதையும் யாராவது பார்த்துவிட்டால் எழுந்துகொள்கிறாள். அவளுக்கும் வேண்டும்தான். அவள் நாற்காலி கேட்டு ஆடவில்லை, ஆட்டத்துக்கு ஆடுகிறாள், அவ்வளவுதான் வித்தியாசம். மூன்று சுற்று. நாலு. பாட்டு போய்க்கொண்டே இருக்கிறது, இந்த அம்மாள் நிறுத்தவே மாட்டாளா, கணுக்கால் கறுப்பில் ஊசி குத்துகிறது, மைக்கு, ரெண்டு வார்த்தை, சொட்டு மருந்துங்க, சொல்லிவிடுவேன், இந்தத் தடவை சரிங்க என்று வராது, அஞ்சு, இவர் பின்பக்கம், நின்றது. நின்றேவிட்டது. திரும்புவதற்குள் கம்பி முனகியது. வேலாத்தாள் உட்கார்ந்திருந்தாள்.

கைதட்டல். டேவிட் விசில் அடித்தான். யாரோ நாச்சிமுத்துவின் முதுகில் தட்டினார்கள், சூப்பர் தாத்தா, செகண்ட் ப்ரைஸ் உண்டு. ஒரு டிபன் பாக்ஸை அவர் கையில் வைத்தார்கள். வேலாத்தாளிடம் ஹாட் பாக்ஸும் மைக்கும் போயிற்று. அவள் உட்கார்ந்தபடியே மைக்கை வாங்கி, "என்னுங்க சொல்றது. ஒக்காந்து பார்த்தேன். நல்லாத்தானுங் இருக்குது," என்றாள். ஒரே சிரிப்பு. மைக்கைத் திரும்ப வாங்கிக்கொண்டார்கள். அதோடு தீர்ந்தது, அடுத்த வருஷம் மே ஒன்று. அடுத்த வருஷம் இந்தக் கால் இருக்குமா. நாச்சிமுத்து டிபன் பாக்ஸைப் பார்த்தார். சட்டென்று ஒரு கோபம், யார் மேலும் இல்லை, தன் மேல்தான். முட்டாளே. ஏழு ஆளைத் தோற்கடித்தாய், ஊரான் குதிகாலைப் பார்த்துப் பார்த்து. ரங்கான் எந்த ஆட்டத்தை ஆடி செயித்தான். அவனிடம் யார் மைக் கொடுத்தார்கள். யார் பாட்டை நிறுத்தினார்கள். அவனாக உட்கார்ந்தான். வேலாத்தாள் எழுந்தாள். எழுந்து, என்ன நினைத்தாளோ, முந்தானையால் இருக்கையை ஒரு தடவை துடைத்தாள், நாற்காலியின் முதுகை, தூக்கத் தோதாக, இவர் பக்கமாகத் திருப்பி வைத்தாள். அவள் ஒன்றும் சொல்லாமல் இருந்து இவர் பார்த்தது அதுதான் முதல் தடவை. டிபன் பாக்ஸை அவளிடம் கொடுத்தார். நாற்காலியைத் தூக்கித் தலைக்குமேல் கவிழ்த்துக்கொண்டார், கால் நாலும் வானத்தைப் பார்க்க. கனமே இல்லை. கதவருகில் ஸ்ரீதரன் போனை மூடிக்கொண்டு உள்ளே வந்தார். "நாச்சிமுத்து, அதை அங்கேயே விடுங்க. டேவிட் அடுக்கிடுவான்." "கேட்டுக்குங்க," என்றார் நாச்சிமுத்து. நிற்கவில்லை. "கேட்டுக்கா? இல்லை, அது கமிட்டியில..." "அங்கிருந்து வந்ததுதானுங்க." மகேந்திரன் ஒரு அடி முன்னால் வந்தான். அவன் தோளில் நாற்காலியின் முதுகு இடிக்கும்போல இருந்தது, ஒதுங்கிக்கொண்டான்.

வெளியே வெயில் தார் மாதிரி ஒட்டியது. சி பிளாக், பி பிளாக், நீச்சல் குளம், குழந்தைகள் சறுக்குமரம். நாற்காலியின் நிழல் தலைக்கும் தோளுக்கும் மட்டும். மெல்லப் போ. யாராவது பின்னால் வந்தால் வரட்டும், திரும்பாதே. சூலூர் குடோன். சோளக்காடு. போட்டால் போடட்டும், அங்கேயும் ஒரு நாற்காலியைத் தூக்கிக்கொண்டு போகலாம், தூக்கத்தான் தெரிந்துவிட்டதே. கூண்டுக்கு வந்து நாற்காலியை இறக்கினார். பழைய இடத்தில் தரையில் நாலு கால் தடமும் இன்னும் இருந்தது, தூசிக்குள் நாலு வட்டம். சரியாக அதில் வைத்தார். உட்கார்ந்தார். கம்பி முனகியது. எதிரே கம்பத்தில் கேமரா, அதன் கண் நேராக இவர் மேல். ஒரு கார் வந்தது, ஏ பிளாக் டாக்டர். எழுந்தார், கேட்டைத் திறந்தார், சல்யூட் வைத்தார், மூடினார், திரும்ப வந்து உட்கார்ந்தார். இதில் என்ன கெட்டுப்போயிற்று. கடிகாரத்தைப் பார்த்தார். மணி பன்னிரண்டு இருபத்தெட்டு. மோட்டார் ரூமுக்கு எழுந்து போக இடுப்பு தானாக ஒரு அசைவு அசைந்தது, பழக்கம். இருக்கட்டும். சட்டைப் பையிலிருந்து சின்னக் குப்பியை எடுத்து, மூடியைத் திருகி மடியில் வைத்து, தலையைப் பின்னால் சாய்த்தார். கேமராவுக்கு நேராக. வலது கண்ணில் ஒன்று. இடது கண்ணில் ஒன்று. எரிந்தது. கண்ணை மூடி இரண்டு விரலால் மூக்கோரத்தை அழுத்திக்கொண்டார். இருட்டுக்குள் சிவப்பாக வெயில். தூரத்தில் குழந்தைகள். வண்டிச் சத்தம். அப்புறம் சரளையில் காலடிச் சத்தம், இரண்டு பேர். ஒன்று மகேந்திரனின் பூட்ஸ். இன்னொன்று நின்று, தயங்கி, தயங்குகிறது என்றால் ஸ்ரீதரன்தான், குதிகால் இந்நேரம் தூக்கியிருக்கும். "நாச்சிமுத்து," என்றது குரல், "கொஞ்சம் பேசணுமே." கை எழப்போயிற்று, கால் எழப்போயிற்று, வாயில் சரிங்க வந்து பல்லுக்குப் பின்னால் நின்றது. அதை விழுங்கினார். முள்ளும் சேர்ந்து போயிற்று.

"பேசலாமுங்க," என்றார், கண்ணைத் திறக்காமல். "சொட்டு மருந்து விட்டிருக்கேன். அஞ்சு நிமிஷம் நில்லுங்க."